நாலு பேர் ப்ராஜெக்ட், யாருக்கு எவ்வளவு மார்க்?

ஃபைனல் இயர் பேட்ச்சுக்கு முதல் தடவையா கைடா போட்டிருக்காங்கன்னு சொன்னியே, நாலு பேருக்கும் ஒரே மார்க்கைப் போட்டுட்டு எழுந்து வந்துடாதேடி. ஒருத்தன் ராத்திரியெல்லாம் கோடிங்கோட மல்லுக்கட்டுவான். இன்னொருத்தன் வைவா அன்னிக்கு இஸ்திரி போட்ட சட்டையில வந்து நிப்பான். ரெண்டு பேருக்கும் 85ன்னா எப்படி?

இது நம்ம பசங்க குணம் மட்டுமில்லை. பிரான்ஸ்ல ரிங்கல்மான்னு ஒரு வேளாண் பொறியாளர், ஆளுங்களைக் கயிறு இழுக்க வெச்சு அளந்து பார்த்தார். ஆள் சேரச் சேர தலைக்கு இழுக்கிற விசை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. முடிவு 1913ல வெளிவந்தது. நம்மூர்த் தேர்லயும் வடத்தைச் சும்மா பிடிச்சுக்கிட்டு நடக்கிறவங்க உண்டு. யார் இழுத்தாங்கன்னு பக்கத்துல இழுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

அதனால பிள்ளைங்களையே கேளு. ஆனா ‘உன் ஃப்ரெண்டுக்குப் பத்துக்கு எத்தனை?’ன்னு கேட்டா எல்லாருக்கும் பத்துதான் வரும். நடந்ததைக் கேளு: சொன்ன தேதிக்கு முடிச்சுக் கொடுத்தாங்களா, அடுத்தவங்க மாட்டிக்கிட்டப்போ கை கொடுத்தாங்களா. நாலஞ்சு கேள்வி, 1லிருந்து 5 வரை மார்க், பக்கத்துல ஒரு உதாரணம் எழுதியே ஆகணும். ரிப்போர்ட் வேலைக்குன்னு தனியா ஒரு கேள்வி வை. டைப்பிங், அலைன்மென்ட், பைண்டிங் கடைக்கு அலையறது எல்லாம் பெரும்பாலும் பொண்ணுங்க தலையில விழுது. ‘கோடு எழுதினது நான்’னு ஒருத்தன் பேரைத் தட்டிக்கிட்டுப் போறான். எனக்கு இதுல இன்னும் ஆத்திரம் ஆறலை.

கணக்குக்கு இங்கிலாந்து லஃப்பரோ பல்கலைக்கழகத்துல உருவான வெப்பிஏ முறை நல்லது. எக்செல் போதும். ஒரு பிள்ளை தனக்கும் சேர்த்து நாலு பேருக்கும் போட்டதைக் கூட்டு. ஒவ்வொருத்தருக்கும் போட்டதை அந்தக் கூட்டுத்தொகையால வகு. அள்ளிப் போடுறவனும் கிள்ளிப் போடுறவனும் இப்போ ஒண்ணாயிடுவாங்க. அப்புறம் ஒருத்தருக்கு நாலு பேர்கிட்டேருந்தும் வந்த பின்னங்களைக் கூட்டு. எல்லாரும் சமமா உழைச்சிருந்தா 1 வரும். ப்ராஜெக்டுக்கு 70ன்னா, 1.1 வந்தவளுக்கு 77, 0.8 வந்தவனுக்கு 56. கடுமையாத் தெரியுதா? 35ஐ எல்லாருக்கும் பொதுவா கொடுத்துட்டு மிச்ச 35ஐ மட்டும் பெருக்கு. 73.5, 63ன்னு வரும். நான் இப்படித்தான் போடுறேன்.

தனக்குத் தானே போட்ட மார்க்கை மத்த மூணு பேரோட சராசரிக்குப் பக்கத்துல வெச்சுப் பாரு. ஏத்திப் போட்டவனை நீயே கவனிச்சுக்குவே. குறைச்சுப் போட்டவளைக் கூப்பிட்டுப் பேசத்தான் மறந்துடுவோம். சத்தமில்லாம உழைச்சது அவளா இருக்கும். மூணு பேர் கூட்டு சேர்ந்து ஒருத்தரைக் கவுத்த மாதிரி தெரிஞ்சா எண்ணை நம்பாதே. கிட்ஹப்பையும், கூகுள் டாக்ஸ்ல யார் எப்போ எழுதினாங்கங்கிறதையும் திறந்து பாரு. யார் யாருக்கு எவ்வளவு போட்டாங்கன்னு மட்டும் வெளியே விடாதே, ஹாஸ்டல்ல சண்டையாயிடும்.

எல்லாத்தையும் விட முக்கியம், ரெண்டாவது ரிவியூவுக்கு முன்னாடி இதே ஃபாரத்தை மார்க் இல்லாம ஒரு தடவை நிரப்பச் சொல்றது. கடைசியில மட்டும் கேட்டா அது தண்டனை. நடுவுல கேட்டா, சும்மா இருந்தவனுக்கு வேலை செய்ய இன்னும் நாள் இருக்கும்.

ஹெச்ஓடிகிட்ட முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கோ. முதல் நாளே பிள்ளைங்ககிட்ட ஃபாரத்தையும் கணக்கையும் காட்டிடு. இன்டர்னல் மார்க் வந்தப்புறம் சொன்னா, அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு உன் டேபிள் முன்னாடி வந்து நிப்பாங்க.