கடைமடை வரை தண்ணி போகணும்: ‘அரசு வேலை’ ஆசையைத் தேதி போட்ட இலக்காக்குவது எப்படி?



பாளையங்கோட்டையில் எந்த நூலக வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

“என்னடே, இப்போ என்ன செய்யுதே?”

“கவர்மெண்ட் வேலைக்குப் படிக்கேன், அண்ணாச்சி.”

“எந்தப் பரீட்சைக்கு?”

“குரூப் 4, குரூப் 2, போலீஸ்... எது வருதோ அது.”

“சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்து வச்சிருக்கியா?”

“அதெல்லாம் வரும்போது பார்த்துக்கிடலாம்.”

இந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் இந்த மாதக் கட்டுரை. படிக்காததால் வேலை கிடைக்காமல் போனவர்கள் நிறைய. ஆனால் நல்லாப் படித்தும், தேதியும் காகிதமும் கை நழுவியதால் ஒரு வருஷத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். முதல் வகைக்கு உழைப்புதான் மருந்து. இரண்டாவது வகைக்கு உங்கள் கையில் இருக்கும் ஃபோனே போதும்.

நம்ம ஊர் விவசாயியைப் பாருங்கள். “நல்லா நெல் விளையணும்” என்று அவர் ஆசையோடு நிறுத்துவதில்லை. கார் பருவமா, பிசானமா? ஜூனில் பாபநாசம் அணை திறக்குமா? நாற்றங்கால் எப்போது, நடவு எப்போது, எந்த ரகம்? இத்தனைக்கும் பதில் தெரிந்த பிறகுதான் விதையைக் கையில் எடுப்பார். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஆற்றில் எவ்வளவு தண்ணி ஓடினாலும் அணைக்கட்டு, கால்வாய், மடை இவற்றைக் கடக்காமல் கடைமடை வயலுக்குப் போகாது. உங்கள் திறமையும் உழைப்பும் ஆற்றுத் தண்ணி. கால்வாய் வெட்டுகிற வேலை தனி.

முதலில் பெயர் வைப்போம். ‘அரசு வேலை’ என்று எந்தப் பரீட்சையும் கிடையாது. குரூப் 4 இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு இல்லை. குரூப் 2-ல் முதல்நிலை, முதன்மை என்று படிகள் உண்டு. குரூப் 1-ல் நேர்முகமும் உண்டு. இந்த மூன்றுக்கும் ‘பொதுவா’ படிப்பது, ஒரே நாற்றங்காலில் மூன்று ரகத்தைக் கலந்து விதைப்பது மாதிரி. எதை முதலில் எழுதப் போகிறீர்கள் என்று ஒன்றைச் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. ஒவ்வொரு வருஷமும் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. அதில் உங்கள் தேர்வின் அறிவிப்புத் தேதி, தேர்வுத் தேதி இரண்டையும் பார்த்து ஃபோன் காலண்டரில் இன்றே ஏற்றுங்கள். தேதி மாறினால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தேதியே இல்லாமல் இருக்கக் கூடாது.

குரூப் 4-ஐயே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதாவது ஒரு கேள்விக்கு 54 விநாடி. முதல் பகுதி தமிழ், 100 கேள்வி, 150 மதிப்பெண். இதில் 60 எடுக்கவில்லை என்றால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியில் பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25.

இனி இதை ஒரு பருவத்துக்குள் அடக்குவோம். கார் பருவம் மாதிரி நாலு மாதம் என்று வைத்தால் 17 வாரம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பாடநூல், ஒரு வகுப்புக்கு மூன்று வாரம் என்றால் 15 வாரம். மீதி இரண்டு வாரம் காய்ச்சல், கொடை, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. (நம்ம ஊரில் கோயில் கொடை வராத வருஷம் உண்டா? அதைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு குற்ற உணர்ச்சி இருக்காது.) கணக்கு தினமும் ஐந்து, வாரத்தில் ஆறு நாள் போட்டால் பருவம் முடியும்போது 510 கணக்கு கை பழகியிருக்கும். “தினமும் பத்து மணி நேரம் படிப்பேன்” என்று சுவரில் எழுதி ஒட்டியவர்களை விட, இந்த ஐந்து கணக்கை விடாமல் போட்டவர்கள்தான் கடைசி வரை நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

பாடநூல்கள் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘ஏ.ஐ.எம். டி.என்.’ என்ற அரசின் யூடியூப் சேனலில் போட்டித் தேர்வு வகுப்புகள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி நடக்கிறது. பத்து டெலிகிராம் குரூப்பில் சேர்ந்து பி.டி.எஃப். இறக்கிக்கொண்டே இருப்பது படிப்பு ஆகாது. ஃபோன் மெமரிதான் நிறையும், நம்ம மெமரி அப்படியே இருக்கும்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தங்கச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழி. இரண்டு வருஷம் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண். சான்றிதழ் பதிவேற்றம் செய்யச் சொல்லி அழைப்பு வருகிறது. அப்போதுதான் தமிழ் வழியில் படித்ததற்கான சான்று வாங்க, தான் படித்த ஆரம்பப் பள்ளியைத் தேடிப் போகிறாள். பள்ளி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. பதிவேடு எங்கே என்று கேட்டு அலைவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது.

இந்தச் சான்று ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். எனவே படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று தேவை. மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று இடம் போகணும். பள்ளியில் பதிவேடு இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்னால் இது நாலு நாள் சோலி. அழைப்பு வந்த பிறகு இதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவற்றுக்கு இ-சேவை மையத்திலோ, இணையத்தில் நீங்களேயோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். எதில் நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்து ஃபோனிலேயே பார்க்கலாம். சாதிச் சான்று ஒரு முறை எடுத்தால் போதும், வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல் பழைய வருமானச் சான்றை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தது ஒருமுறைப் பதிவு. டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் 150 ரூபாய் கட்டிப் பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும். ஆதார் எண்ணை இணைக்க வேண்டும். ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்: ஒருமுறைப் பதிவு செய்தது தேர்வுக்கு விண்ணப்பித்தது ஆகாது! ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். “நான்தான் போன வருஷமே ரெஜிஸ்டர் பண்ணிட்டேனே” என்று கடைசித் தேதி முடிந்த மறுநாள் சொல்லிப் பயனில்லை. விண்ணப்பத்தில் சாதிப் பிரிவு, தமிழ் வழி போன்ற உரிமைகளைச் சரியாகக் குறிப்பிடுங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு திருத்துவதற்குச் சில நாள் தருவார்கள். அதற்கு அப்புறம் “மறந்துட்டேன்” எடுபடாது.

நம்ம மாவட்டத்தின் பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராக நம் கப்பல் ஓட வேண்டும் என்று 1906-இல் எத்தனையோ பேருக்கு ஆசை இருந்திருக்கும். வ.உ.சிதம்பரனார் அந்த ஆசையை எண்ணாக மாற்றினார். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பத்து லட்சம் என்றால் யாருக்கும் மலைப்புதான், 25 ரூபாய் என்றால் பலரிடம் போய்க் கேட்கலாம். முதலில் வாடகைக் கப்பலை ஓட்டினார்கள், 1907-இல் சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. 1908-இல் திருநெல்வேலியில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருந்தபோதே 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அது அவர் போட்ட கணக்கின் பிழை அல்ல. எதிரே நின்றது ஓர் அரசாங்கம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒரு இலக்கு கைகூடாமல் போகலாம், அதையும் மறைக்காமல் பேசணும்.

பேசுவோம். 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பில் இருந்த இடம் 7,301. பிறகு இடங்கள் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டன. அப்படியும் ஓர் இடத்துக்கு இருநூறு விண்ணப்பத்துக்கு மேல். முடிவு வந்தது 2023 மார்ச் 24, சரியாக எட்டு மாதம் கழித்து. இது உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த எட்டு மாதம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் திட்டத்தில் இருக்கணும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரே தண்ணியை இரண்டாவது கால்வாயிலும் திருப்பலாம். தமிழ், ஆங்கிலம் தட்டச்சு முடித்தால் குரூப் 4-லேயே தட்டச்சர் பணிக்கும் தகுதி வரும், தனியார் அலுவலகத்திலும் கை கொடுக்கும். நீங்கள் படிக்கும் அதே கணக்கும் பொது அறிவும் மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்கும் ஆகும். அதில் எம்.டி.எஸ்., சி.எச்.எஸ்.எல். தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம். அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவது இலவசம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிகள் இருக்கின்றன. சிவில் சர்வீஸ் கனவு உள்ளவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. மதிப்பீட்டுத் தேர்வில் தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை தருகிறார்கள். சொந்தத் தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்களை விசாரியுங்கள்.

அதோடு வீட்டில் பேசி ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். “இரண்டு முறை எழுதுவேன், அல்லது 26 வயது வரை” என்று ஏதோ ஒன்று. இதைச் சொல்லப் பலருக்குக் கூச்சம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, எல்லை என்றாலே வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்களோ என்ற பயம். ஆனால் தேதி இல்லாத முயற்சியைத்தான் வீட்டில் பாதியில் நிறுத்துவார்கள். “அம்மா, இந்த ஜூலைப் பரீட்சை வரைக்கும் என்னை விடுங்க, அதுவரை வாரத்தில் மூணு நாள் டைப்பிங் போறேன், முடிவு வர்ற வரை வேலைக்கும் போறேன்” என்று தேதியோடு சொன்னால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். அப்பாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் சித்தப்பாவோ, மாமாவோ, பழைய டீச்சரோ யாராவது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இந்த வாரம் எத்தனை கணக்கு போட்டேன், தமிழில் எந்தப் பாடம் முடிந்தது, எந்தச் சான்று எந்த மேசையில் நிற்கிறது? இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதிரித் தேர்வில் எத்தனை வாங்கினோம் என்பதை விட, எந்தக் கேள்வி ஏன் தப்பானது என்று எழுதி வையுங்கள். ஒரு வாரம் தவறினால் அதை ஈடுகட்ட அடுத்த வாரத்தை இரட்டிப்பாக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து அதே ஐந்து கணக்கோடு தொடருங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் ஒரு படம் எடுங்கள். பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா? ஆதாரில் இருப்பது இப்போது உங்கள் கையில் இருக்கும் மொபைல் எண்தானா? இல்லை என்றால் நாளைக் காலையில் முதல் சோலி அதுதான்.