ஆட்டின் கழுத்தும் சிசுவின் மூச்சும்

பிறந்த குழந்தை வீரிட்டு அழும்போது வீட்டார் மகிழ்கிறார்கள். காற்றுத் தடையின்றிப் போய்வருகிறது என்பதற்கு அந்த அழுகையே சான்று. அந்தக் காற்று செல்லும் வழி எவ்வளவு ஒடுக்கமானது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

குரல்வளையின் அடிப்பகுதியில் கிரிக்கோயிட் என்ற கசியிழைய வளையம் உண்டு. வாதனாளியின் வளையங்கள் பின்புறம் திறந்திருக்கும். இதுவோ முழு வளையம். ஆகவே உள்ளே வீக்கம் ஏற்பட்டால் வெளிப்புறமாக விரிந்துகொடுக்காது. புதிதாய்ப் பிறந்த சிசுவில் இவ்விடத்தின் விட்டம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்கினால் எஞ்சுவது 2 மில்லிமீற்றர். உயர்தரப் பௌதிகவியலில் நாம் கற்கும் புவாசேயின் சமன்பாட்டின்படி, ஆரை அரைவாசியானால் தடை 16 மடங்காகும். 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளர்ந்தவரின் வாதனாளியில் அதே வீக்கம் ஏற்பட்டால் தடை இரு மடங்கைக்கூட எட்டாது. பெரியவருக்குச் சிறு தொல்லையாக இருப்பது சிசுவுக்கு உயிராபத்தாவது இதனால்தான்.

அந்தலுஸில் ஒரு மாணவர்

வாதனாளியை வெட்டி மூச்சுக்கு வழி செய்யலாமா என்பது பண்டைய வைத்தியர்களிடையே பெரும் சர்ச்சை. கசியிழையம் வெட்டப்பட்டால் மீண்டும் பொருந்தாது என்று பலர் கருதினர். கழுத்தில் கத்தி வெட்டுப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணுக்குத் தையலிட்டுக் குணப்படுத்தியதை அஸ்ஸஹ்ராவி (மறைவு 1013) பதிவுசெய்துள்ளார். அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கரகரத்தது. ஆனால் அது தற்செயலாய்க் கிடைத்த ஒரு சான்று.

செவில் நகரத்து இப்னு சுஹ்ர் (மறைவு 1162) ஒருபடி மேலே சென்றார். தாம் வைத்தியம் பயின்ற ஆரம்பக் காலத்தில் இந்தச் சர்ச்சையை வாசித்தபோது, ஓர் ஆட்டின் வாதனாளியில் சிறு விதையளவு துளையிட்டதாக ‘அத்தைஸீர்’ என்ற நூலில் எழுதுகிறார். காயத்தைத் தண்ணீராலும் தேனாலும் கழுவிவந்தார். ஆடு குணமாகி நெடுநாள் வாழ்ந்தது. முன்னோர் சொன்னதை அப்படியே ஏற்கவுமில்லை. மனிதர்மீது அவசரமாகக் கத்தி வைக்கவுமில்லை. கேள்வியைப் பரிசோதனையாக மாற்றினார் ஒரு மாணவர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

வளரும் உடலின் கேள்வி

1960களில், குறைமாதக் குழந்தைகளைத் தொண்டைக்குள் குழாயிட்டு நீண்டநாள் காப்பாற்ற முடிந்தது. அதோடு புதிய துன்பமும் வந்தது. குழாய் உரசிய இடத்தில் தழும்பு தோன்றிச் சுவாசவழி சுருங்கியது. சுருங்கிய வளையத்தை வெட்டி, இடையில் கசியிழையத் துண்டொன்றைப் பொருத்தி அகலமாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால் வெட்டிய வளையம் குழந்தையோடு சேர்ந்து வளருமா? பொருத்திய துண்டு உயிரோடு நிலைக்குமா?

கனடாவின் ரொறன்ரோ நகரில் பிளெயர் ஃபியரன், றொபின் கொட்டன் ஆகிய வைத்தியர்கள் முதலில் இதனை விலங்குகளில் செய்துபார்த்து 1972 இல் வெளியிட்டனர். 1974 இல் குழந்தைகளில் பெற்ற முன்னேற்றத்தை அறிவித்தனர். இன்று குழந்தையின் சொந்த விலா எலும்புக் கசியிழையமே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. புதிய முறைகள் இன்னும் முயல், செம்மறியாடு, பன்றி முதலியவற்றில் பரீட்சிக்கப்படுகின்றன. இளம் விலங்கு வேகமாக வளர்வதால், குழந்தையில் பல ஆண்டுகள் காத்திருந்து அறியவேண்டியதைச் சில மாதங்களில் ஓரளவு காணலாம். எனினும் விலங்கு மனிதனல்ல. அங்கு வென்றது இங்கு தோற்கவும் கூடும்.

படியைத் தாண்டியதன் விலை

2011 இல் சுவீடனில் பாவுலோ மக்கியாரினி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், எலும்பு மச்சையிலிருந்து பெற்ற கலங்களைப் பூசிய பிளாஸ்டிக் வாதனாளியை நோயாளிக்குப் பொருத்தினார். உலகமே புகழ்ந்தது. போதிய விலங்குப் பரிசோதனை முன்னரே நடக்கவில்லை என்பது பின்னர் விசாரணைகளில் வெளியானது. சுவீடனில் அவ்வாறு சிகிச்சை பெற்ற மூவரும் இறந்தனர். 2013 இல் அமெரிக்காவில் இதே முறைக்கு உட்பட்ட சிறு குழந்தையொன்றும் சில மாதங்களில் இறந்தது. 2023 இல் சுவீடன் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

வாயில்லா ஜீவனின் உரிமை

அப்படியானால் விலங்குகளை விருப்பம்போல் வெட்டலாமா? கூடாது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டதையும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். 1959 இல் ரசல், பேர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: வேறு வழியிருந்தால் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல். மயக்கமருந்தும் வலிநிவாரணியும் இன்றிச் சத்திரசிகிச்சை செய்வதை இன்றைய ஆய்வு ஒழுக்கம் ஏற்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: குழந்தை மூச்செடுக்கும்போது சீறும் ஒலி கேட்டால், நெஞ்சுக்குழி உள்ளிழுக்கப்பட்டால், ‘சளிதான்’ என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தோழியருக்கும் ஒரு வார்த்தை: ஒரு குழந்தை நிம்மதியாக மூச்சுவிடுவதற்குப் பின்னால் பெயரில்லாத பல ஜீவன்களின் உயிர் இருக்கிறது. நாளை நம்மில் ஒருத்தி ஆய்வுகூடத்தில் கத்தியைக் கையிலெடுத்தால், அந்த உயிருக்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்லவேண்டும் என்ற நினைவோடு எடுக்கட்டும்.