பேருந்து திரும்பியதா, திருப்பினார்களா?

கேள்வி: எங்கள் ஊருக்குள் வர வேண்டிய வெளியூர்ப் பேருந்துகள் சில, இரவில் ஊருக்குள் நுழையாமல் நான்குவழிச் சாலையிலேயே போய்விடுகின்றன. பயணிகளை விலக்கில் இறக்கிவிடுகிறார்கள். பெண்களும் வயதானவர்களும் பெட்டியும் பையுமாக இருட்டில் நடந்து வருகிறார்கள். இதைப் பற்றி ஓர் ஆங்கில நாளிதழின் வாசகர் கடிதப் பகுதிக்கு எழுத உட்கார்ந்தேன். ‘தி பஸ்ஸஸ் டைவர்ட் டு தி பைபாஸ்’ என்று எழுதினேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அதை ‘தி பஸ்ஸஸ் ஆர் டைவர்ட்டட்’ என்று திருத்தினாள். பக்கத்து வீட்டு ஆசிரியர் இரண்டும் வேண்டாம், ‘டீவியேட்’ போடுங்கள் என்கிறார். எதைப் போடுவது?

– ஒரு வாசகர், காரியாபட்டி

பதில்: உங்கள் மகளின் திருத்தம் இலக்கணப்படி சரி. ஆனால் அந்த வாக்கியம் உங்கள் ஊரில் நடப்பதைச் சொல்லவில்லை. செய்தவரை அது மறைத்துவிடுகிறது. புகார்க் கடிதத்தில் இதைவிடப் பெரிய குறை இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கில இலக்கணப் புத்தகம் தேவையில்லை, நம் மொழியே போதும். ‘வண்டி திரும்பியது’ என்கிறோம், ‘வண்டியைத் திருப்பினார்’ என்கிறோம். திரும்பு என்பது தன்வினை, திருப்பு என்பது பிறவினை. மாறு, மாற்று, விலகு, விலக்கு எல்லாம் இப்படித்தான். தானாக நடந்ததா, ஒருவர் நடத்தினாரா என்பதைத் தமிழ் வினைச்சொல் தன் உடம்பிலேயே காட்டிவிடும். நீங்கள் கடிதத்தில் எழுதிய ‘விலக்கு’கூட அந்தக் குடும்பம்தான். தென்மாவட்டங்களில் கிளைச்சாலை பிரியும் இடத்துக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் வைத்த முன்னோரை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘டர்ன்’ என்ற ஒரே சொல் திரும்புதலுக்கும் திருப்புதலுக்கும் பொது. அந்தப் பழக்கத்தில்தான் ‘டைவர்ட்’டையும் அப்படியே கையாளுகிறோம். அது பிறவினைச் சொல். திருப்பியவர் ஒருவர் இருக்க வேண்டும், திருப்பப்பட்ட பொருள் ஒன்று இருக்க வேண்டும். போலீசார் போக்குவரத்தை டைவர்ட் செய்யலாம், பொறியாளர் ஆற்றை டைவர்ட் செய்யலாம், சத்தம் கவனத்தை டைவர்ட் செய்யலாம். பேருந்து தானாக டைவர்ட் ஆவதில்லை.

இந்தச் சொல்லுக்குப் பெரியாற்றைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அதன் தண்ணீர் கிழக்கே திரும்பி வைகைப் படுகைக்கு வந்தது. திரும்பி வந்தது என்று நான் எழுதினாலும் தண்ணீர் தானாகத் திரும்பவில்லை, மனிதர் திருப்பினார்கள். ஆங்கிலத்தில் ‘தி பெரியார் வாஸ் டைவர்ட்டட்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் உங்கள் பக்கம் ஓடும் குண்டாறு இயற்கையாக வளைந்து போகும் இடத்துக்கு ‘டைவர்ட்’ போடக் கூடாது. அங்கே ‘டர்ன்ஸ்’ அல்லது ‘பெண்ட்ஸ்’. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மாயனூர்க் கதவணையிலிருந்து சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் காவிரியின் உபரிநீரைக் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டம். அதைப் பற்றி எழுதும்போது மறுபடியும் ‘டைவர்ட்’ வந்துவிடும்.

இப்போது உங்கள் பேருந்துக்கு வருவோம். ‘ஆர் டைவர்ட்டட்’ என்று படிப்பவர் என்ன நினைப்பார்? சாலைப் பணியோ திருவிழாவோ இருக்கிறது, அதிகாரிகள் உத்தரவு போட்டுப் பேருந்துகளை மாற்றி விட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார். உத்தரவு அப்படி உண்மையில் இருந்தால் உங்கள் மகளின் வாக்கியம் அப்படியே இருக்கட்டும், யார் உத்தரவு என்பதை மட்டும் சேர்த்துவிடுங்கள். உத்தரவு எதுவும் இல்லாமல் ஓட்டுநரே நேரம் மிச்சம் என்று நான்குவழிச் சாலையில் போகிறார் என்றால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். செய்தவர் தப்பித்துவிடுவார்.

ஆகவே பக்கத்து வீட்டு ஆசிரியர் சொன்னதே உங்களுக்குப் பொருந்தும். ‘டீவியேட்’ தன்வினை, தானாக விலகுவது. பேருந்துப் பலகைகளில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘வியா’ என்று எழுதியிருக்கும் அல்லவா? லத்தீனில் அதற்கு வழி என்று பொருள். ‘டீவியேட்’டுக்குள் இருப்பதும் அதே சொல்தான்: வழியை விட்டு விலகுதல். இதற்குப் பின்னால் ‘ஃப்ரம்’ கட்டாயம் வர வேண்டும், எதிலிருந்து விலகினார்கள் என்று சொல்லியாக வேண்டும். இங்கேதான் நீங்கள் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வழித்தடத்தில் ஓடும் பயணிகள் பேருந்துக்குப் பெர்மிட் உண்டு, அதில் வழித்தடமும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வழித்தடத்தில் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் ‘தி டிரைவர்ஸ் டீவியேட் ஃப்ரம் தி பெர்மிட்டட் ரூட்’ என்று தயங்காமல் எழுதலாம். இல்லையென்றால் அவர்கள் எதிலிருந்தும் விலகவில்லை. அப்போது உங்கள் கடிதம் புகாராக இருக்க முடியாது, வழித்தடத்தை மாற்றக் கோரும் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அகராதி புரட்டும் பழக்கம் உங்கள் மகளுக்கு இருந்தால் ஒன்றைக் கண்டுபிடிப்பார்: ‘டைவர்ட்’டைத் தன்வினையாகவும் சில அகராதிகள் ஏற்கின்றன. விமானத் துறையில் அது சகஜம். மூடுபனியால் மதுரையில் இறங்க முடியாத விமானம் திருச்சிக்குப் போனால் ‘தி ஃப்ளைட் டைவர்ட்டட் டு திருச்சி’ என்பார்கள். அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். தரையில் ஓடும் வண்டிக்கு மட்டும் வேண்டாம்.

இதே சொல் பணத்தோடு சேரும்போது எனக்குப் பயம் வரும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சில காலம் புரூஃப் பார்த்தேன். ஓர் அறக்கட்டளையின் ஆண்டறிக்கை ஆங்கிலத்தில் அச்சுக்கு வந்தது. கல்வி உதவிக்கு வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியை, முறையாகத் தீர்மானம் போட்டுக் கட்டட வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அதை ‘ஃபண்ட்ஸ் வேர் டைவர்ட்டட்’ என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லை, நான் விட்டுவிட்டேன். பொதுக்குழுவில் உறுப்பினர்கள் எழுந்து, பணத்தைக் கையாடினீர்களா என்று கேட்டார்களாம். கணக்கு விஷயத்தில் இந்தச் சொல் வந்தால் முறைகேடு என்ற வாடை தானாக அடிக்கும். முறைப்படி மாற்றியதற்கு ‘ரீஅலோகேட்’ இருக்கிறது; அரசுக் கணக்கில் ‘ரீஅப்ராப்ரியேட்’ என்பார்கள். அன்று நான் அதைத் திருத்தியிருக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட பெரியவர் பதில் சொல்ல முடியாமல் நின்றதைக் கேள்விப்பட்டபோது பட்ட வருத்தம் இன்றும் போகவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடு குறுக்கே வந்து வண்டி சட்டென்று விலகினால் ‘ஸ்வெர்வ்’. போகும் திசை மாறி ஒரு பக்கமாகப் போனால் ‘வீர்’. ஒன்றாக வந்த இரண்டு சாலைகள் பிரிந்தால் ‘டைவர்ஜ்’. ‘டைவர்ட்டட்’ எழுதும்போது கடைசி ‘டி’யை இரட்டிக்க வேண்டாம், அதற்கு முன்னால் ‘ஆர்’ என்ற மெய் நிற்கிறது. சாலைப் பணி நடக்கும் இடத்தில் நம்மூரில் வைக்கும் ‘டேக் டைவர்ஷன்’ பலகை ஓட்டுநருக்குப் புரிகிறது, அதனால் பலகையில் இருக்கட்டும். இங்கிலாந்தில் வெறும் ‘டைவர்ஷன்’ என்றும் அமெரிக்காவில் ‘டீடூர்’ என்றும் வைப்பார்கள்.

உங்கள் கடிதத்துக்கு நான் எழுதித்தரும் முதல் வாக்கியம் இது: ‘சம் டிரைவர்ஸ் டேக் தி பைபாஸ் அட் நைட் அண்ட் டு நாட் என்டர் காரியாபட்டி.’ இதில் டைவர்ட்டும் இல்லை, டீவியேட்டும் இல்லை. யார், எப்போது, என்ன செய்கிறார் என்பது மட்டும் இருக்கிறது. பெர்மிட் விவரம் கைக்கு வந்ததும் ‘டீவியேட்’ வாக்கியத்தை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளிதழுக்கு ஆங்கிலக் கடிதம் போகட்டும். அதோடு நிறுத்தாமல், பேருந்தின் பதிவு எண், தேதி, நேரம், இறக்கிவிட்ட இடம் நான்கையும் குறித்துத் தமிழில் ஒரு மனு எழுதுங்கள். இருட்டில் நடந்து வந்தவர்களில் நான்கு பேரையாவது அழைத்துக்கொண்டு, திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதை நேரில் கொடுங்கள்.