யாருடைய பைக், எப்போது போனது?

கோச்சடையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். தப்பாகப் போட்டால் கால் மார்க் போகும். பிழை திருத்தும் கேள்விகளில் பிள்ளைகள் சறுக்குவதற்கு விதி தெரியாதது மட்டும் காரணமில்லை. பாதி நேரம், நல்ல தமிழை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

“மேனேஜர் நேத்து வந்திருக்கார்” என்பதில் தமிழில் ஒரு குறையும் கிடையாது. நாம் பார்க்கவில்லை, பிறகுதான் தெரிந்தது என்ற நுணுக்கம்கூட அதில் இருக்கிறது. அதையே ‘ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்றால் பிழை. நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ்’ அங்கே நிற்காது, ‘கேம்’ போதும். “அஞ்சு வருஷமா இங்க இருக்கேன்” என்பதை ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ ஆக்கினால் இரண்டு பிழை: ‘ஹேவ் பீன் லிவிங்’ வேண்டும், ‘ஃபார்’ வேண்டும். அதனால் வினைச்சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால் காலத்தைக் காட்டும் சொல்லைத் தேடச் சொல்வேன். ‘ஹேட்’ விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் எது முன்னால் நடந்தது என்பது ஏற்கெனவே தெரிந்துவிடும்; சாதாரண இறந்தகாலமும் செல்லும்.

பிரதிப்பெயர்தான் நிஜமான வம்பு. ‘ரவி டோல்டு குமார் தட் ஹிஸ் பைக் வாஸ் மிஸ்ஸிங்’ என்று பலகையில் எழுதினேன். “இதுல என்ன சார் குழப்பம்? ரவியோட பைக்தானே?” என்றது முன் பெஞ்சு. “இல்லடா, குமாரோடது” என்றது பின் பெஞ்சு. தமிழில் ‘தன் பைக்’ என்றால் ரவியுடையது, ‘அவன் பைக்’ என்றால் பெரும்பாலும் குமாருடையது. ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ‘ஹிஸ்’ ஒன்றுதான். மனசுக்குள் ‘தன்’ போட்டு வாசிக்கிறவனுக்குக் குழப்பம் கண்ணில் படாது. ‘ஹிஸ்’ இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பெயராக வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் பெயரையே எழுத வேண்டியதுதான். ‘தி பேங்க்’ என்று தொடங்கிப் பின்னால் ‘தேர்’ வந்தாலும் நின்று பாருங்கள். தேர்வில் பெரும்பாலும் ‘இட்ஸ்’தான் எதிர்பார்ப்பார்கள்.

ஆனால் ‘யாரைச் சொல்கிறது என்று தெளிவில்லை’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு விடையை முதலிலேயே கழிக்காதீர்கள். காலம், ஒருமை பன்மை இரண்டையும் வைத்துக் கழித்த பிறகு கடைசியாக இதற்கு வாருங்கள். ஜிமேட் தேர்வின் பழைய வாக்கியத் திருத்தக் கேள்விகளிலும் இந்த வரிசைதான் கைகொடுக்கும். அங்கே 2023-இல் வந்த புது வடிவத்தில் இந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். நமக்கு இன்னும் விடிவில்லை.

கால் மார்க் பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து விடைகளில் எதையுமே கழிக்க முடியாமல் குத்துமதிப்பாகப் போட்டால், சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒன்றைக் கழித்தாலே கணக்கு உங்கள் பக்கம். இரண்டில் ஒன்று என்று சுருங்கிவிட்டதா, யோசிக்காமல் போடுங்கள்.