பழைய கேபினட்டுக்குள் ஒரு கீரைத் தோட்டம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் தூங்கிக் கொண்டிருக்கும். விற்றால் பெரிதாக விலை போகாது. தூக்கி எறியவும் மனம் வராது. அந்தப் பழைய கேபினட்டுக்குள் எல்.இ.டி. விளக்கு பொருத்தி, வெயிலே எட்டிப் பார்க்காத அறையிலும் கீரை வளர்க்கலாம். நான் செய்து பார்த்த முறையை இங்கு படிப்படியாகத் தருகிறேன். கம்ப்யூட்டரின் உள்ளே கை வைக்கவே பயப்படுபவர்களுக்கு இது ஒரு நல்ல முதல் பாடமாகவும் அமையும்.

ஏன் செய்தேன்?

நான் பி.இ. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சென்னையில் மென்பொருள் பொறியாளராக வேலை பார்க்கிறேன். தரைத்தளத்தில் வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் நான்கடி தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். மொட்டை மாடியில் தொட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து என்னுடன் அழைத்து வந்தேன். கொல்லையில் கீரை பறித்துச் சமைத்தே பழகியவர். ஜன்னலோரம் ஒரு டப்பாவில் வெந்தயம் விதைத்தார். முளைத்தது. ஆனால் நூல் போல நீண்டு, வெளுத்து, ஆறாம் நாள் சாய்ந்துவிட்டது. மறுபடி விதைத்தார். அதுவும் சாய்ந்தது. மூன்றாவது முறை அவர் விதைக்கவில்லை. "ஏய்யா, வெந்தயமே நிக்காத வீட்டுல நான் இருந்து என்ன செய்ய? என்னய ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுரு" என்றார். அப்பா இறந்த பிறகு ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. பிசியோதெரபி இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருந்தது. ஆகவே அந்த வெந்தயத்தை எப்படியாவது நிற்க வைத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செடிக்கு என்ன குறை?

உரக் குறையும் இல்லை, தண்ணீர்க் குறையும் இல்லை. வெளிச்சக் குறை. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்து கொள்வதால் அறை பளிச்சென்று தெரிகிறது. உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். என் ஜன்னலோரத்தில் 400 லக்ஸ் கூட இல்லை. வெளிச்சம் போதாதபோது செடி அதைத் தேடித் தண்டை நீட்டுகிறது; இலைக்கும் தண்டின் பருமனுக்கும் சத்து மிஞ்சுவதில்லை. எனவே சாய்கிறது.

முதலில் இணையத்தில் "செடி விளக்கு" என்று விற்ற ஊதா நிற விளக்கு ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அதன் ஒளியில் பச்சை இலை கறுப்பாகத் தெரிந்தது. இலை பழுத்திருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று எதுவும் தெரியவில்லை; அறையில் உட்காரவும் முடியவில்லை. செடிகள் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைப் பயன்படுத்துகின்றன. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் உண்டு. கீரைக்கு அதுவே போதும்.

தேவையானவை

1. பழைய டவர் கேபினட் ஒன்று. என்னுடையது 18 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 42 செ.மீ. ஆழம்.
2. 12 வோல்ட் வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப். மீட்டருக்கு 60 விளக்குகள், 14.4 வாட் என்று குறித்திருப்பதைக் கேட்டு வாங்கவும். 2 மீட்டர் தேவை.
3. 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர்.
4. கேபினட்டில் இருந்த 12 வோல்ட் ஃபேன்.
5. கிளிப் கனெக்டர்கள், வெள்ளை பெயிண்ட், பிளக்கில் செருகும் டைமர்.

பெட்டியைக் காலி செய்தல்

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றவும். கேபினட்டின் உள் விளிம்புகள் பிளேடு போல இருக்கும். கையுறை அணிவது நல்லது.

முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுங்கள். இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இந்தக் கம்ப்யூட்டரை அப்பா 2009-ல் தவணையில் வாங்கிக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. கேபிள் மூலம் லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தபோது, பள்ளி ஆண்டு விழாவில் அப்பாவும் அம்மாவும் நின்றிருந்த படங்கள் கிடைத்தன. வேறு எங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலும் அப்படி எதாவது இருக்கலாம். வேண்டியதை இரண்டு இடங்களில் காப்பி செய்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

அடுத்து மதர்போர்டு, டிரைவ்கள், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றைக் கழற்றவும். டிரைவ்களைத் தாங்கும் கூடு பல கேபினட்களில் ரிவிட் அடித்து இருக்கும். தெருமுனை கேட் பட்டறையில் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். கழற்றிய பாகங்களைக் குப்பையில் போடாமல், மின்கழிவுகளைப் பெறும் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம்

எஸ்.எம்.பி.எஸ்.தான் 12 வோல்ட் தருகிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே அது இயங்கும். ஆனால் இவ்வளவு சிறிய சுமைக்கு அது வீணாக மின்சாரம் இழுக்கிறது. பழைய கேபினட்களில் மேல் பகுதியிலேயே அமர்ந்து விளக்குக்கான இடத்தையும் அடைத்துக் கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம் உள்ள பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கவே கூடாது. அடாப்டர் வெளியே, தரைக்கு மேலே இருக்க, உள்ளே 12 வோல்ட் மட்டும் செல்வதே பாதுகாப்பு. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். மின் இணைப்பை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும்.

விளக்கு பொருத்துதல்

1. உள்பக்கம் முழுவதும் பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் அடிக்கவும். அலுமினியத் தாள் ஒட்ட வேண்டாம். அதில் மின்சாரம் பாயும், வயர் பட்டால் ஷார்ட் ஆகும்.
2. பெயிண்ட் நன்கு காய்ந்ததும் கூரையின் அடிப்பக்கத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யவும்.
3. ஸ்ட்ரிப்பை 40 செ.மீ. நீளமுள்ள 5 துண்டுகளாக வெட்டவும். மூன்று விளக்குகளுக்கு ஒருமுறை வெட்டுக்கோடு இருக்கும். அதில் மட்டுமே வெட்ட வேண்டும்.
4. துண்டுகளைச் சம இடைவெளியில் கூரையில் ஒட்டவும். இரும்புத் தகடு விளக்கின் சூட்டை வெளியேற்றவும் உதவும்.
5. எல்லாத் துண்டுகளின் பாசிட்டிவ் முனைகளையும் ஒன்றாகவும், நெகட்டிவ் முனைகளை ஒன்றாகவும் கிளிப் கனெக்டரால் இணைத்து அடாப்டருக்குக் கொண்டு செல்லவும்.
6. பெட்டிக்குள் நுழையும் முன் வயர் சற்றுக் கீழே தொங்கி மேலேறுமாறு விடவும். தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கணக்கைப் பாருங்கள்: 2 மீட்டருக்கு 28.8 வாட். 12 ஆல் வகுத்தால் 2.4 ஆம்பியர். ஃபேனுக்கு 0.2 ஆம்பியர். மொத்தம் 2.6. ஆகவே 5 ஆம்பியர் அடாப்டர் திணறாது.

ஃபேன் இல்லாமல் இயக்காதீர்கள்

இங்கே நான் தவறு செய்தேன். எல்.இ.டி. சூடாகாது என்று நினைத்து ஃபேனை இணைக்காமல் மூடிவிட்டேன். ஏப்ரல் மாதம். மாலை வந்து திறந்தால் உள்ளே 45 டிகிரி; நாற்று எல்லாம் துவண்டு கிடந்தது. 28.8 வாட் மின்சாரம் செலவானால் ஏறக்குறைய அவ்வளவும் கடைசியில் அந்தச் சிறிய பெட்டிக்குள் வெப்பமாகவே மாறும்.

ஃபேனைப் பின்பக்கம் மேலே, காற்றை வெளியே தள்ளுமாறு பொருத்தவும். ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சிவப்பு வயர் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். மூன்றாவதாக இருக்கும் மஞ்சள் வயர் வேகத்தை அளப்பதற்கு, அதை விட்டுவிடலாம். முன்பக்கக் கீழ்த் துளைகளை அடைக்க வேண்டாம். அவற்றின் வழியே புதுக் காற்று நுழையும்.

வெளிச்சத்தை அளத்தல்

செல்போனில் லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டு, செடியின் உச்சி இருக்கும் உயரத்தில் போனை மல்லாக்க வைக்கவும். எனக்கு 15 செ.மீ. தூரத்தில் 14,000 லக்ஸ் காட்டியது. போனுக்குப் போன் வேறுபடும் என்றாலும் தோராயக் கணக்குக்கு இது போதும்.

வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸ் அளவைச் சுமார் 70 ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் ஒளியின் அளவு மைக்ரோமோல் என்ற அலகில் கிடைக்கும். 14,000 லக்ஸ் என்றால் 200 மைக்ரோமோல். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து இதை 3,600 ஆலும், பிறகு 14 மணி நேரத்தாலும் பெருக்கி, 10 லட்சத்தால் வகுக்கவும். விடை சுமார் 10 மோல். கீரை, மல்லி, புதினா ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மோல் இருந்தால் நன்றாக வளரும். தக்காளி, மிளகாய் போல் காய்க்கும் செடிகளுக்கு 20-க்கு மேல் வேண்டும் என்பதால் இந்தப் பெட்டியில் அவற்றை முயல வேண்டாம்.

டைமரில் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை என்று அமைக்கவும். முள் சுழலும் சாதாரண டைமர், கரண்ட் போன நேரமெல்லாம் நின்று பின்தங்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குவது நல்லது.

விதைத்தல்

பார்சல் சாப்பாட்டு டப்பாவின் அடியில் துளையிட்டு, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பவும். ஓரிரவு ஊறிய வெந்தயத்தைத் தூவி மெல்லிசாக மூடவும். தண்ணீர் ஊற்றும்போது டப்பாவை வெளியே எடுத்து ஊற்றி, வடிந்த பிறகே உள்ளே வைக்கவும்.

விளக்கு நகராது, டப்பாதான் நகர வேண்டும். பழைய சி.டி. டப்பாக்களை அடுக்கி அதன் மேல் வைத்தேன். செடி உயர உயர ஒவ்வொரு சி.டி. டப்பாவாக உருவினால் 15 செ.மீ. இடைவெளி மாறாமல் இருக்கும்.

மின் செலவு மாதத்துக்குச் சுமார் 15 யூனிட். வீட்டுக் கீரைத் தேவை முழுவதும் இதில் தீராது. இரண்டு டப்பாவை மாற்றி மாற்றி விதைத்தால் வாரம் ஒருமுறை குழம்புக்குப் போடும் அளவு கிடைக்கும்.

மே முதல் வாரத்தில் விதைத்த வெந்தயம் ஆறாம் நாள் குட்டையாக, கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது, அவரே குனிந்து ஒரு சி.டி. டப்பாவை உருவிவிட்டுச் சொன்னார்: "அடுத்தது மல்லி போடணும். விதைய ரெண்டா உடைச்சுப் போட்டாத்தான் முளைக்கும், தெரியுமா?" பிசியோதெரபி முடியும் வரை பஸ் பேச்சு எழவில்லை.

உங்கள் பரணில் உள்ள கேபினட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். முதலில் ஹார்ட் டிஸ்க், பிறகு மற்றவை. இந்த வரிசையை மட்டும் மறந்துவிட வேண்டாம்.