சீத்தாப்பழக் கூறும் சர்க்கரைக் கணக்கும்

ஆவணி பிறந்தால் செஞ்சி பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சீத்தாப்பழக் கூடைகள் வந்துவிடும். யாரும் நட்டு வளர்க்காமல் இந்தப் பாறை மலைகளில் தானாக விளைகிற பழம். கூறு போட்டு விற்பார்கள். என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். எனக்கு டாக்டர் 'பார்டர்' என்று சொல்லியிருக்கிறார். இனிப்பாக இருக்கிற எதுவும் ஆகாது என்று எங்கள் தெருவில் பலர் பழத்தையே விட்டுவிட்டார்கள். இன்னும் சிலர், இயற்கைச் சர்க்கரைதானே என்று கணக்கில்லாமல் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் பழமும் இருக்கிறது, மாமியாரின் மூன்று மாதச் சராசரியும் கட்டுக்குள் இருக்கிறது. அதற்கு நாங்கள் பிடித்த வழியை எழுதுகிறேன்.

பழத்தில் இருப்பதும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ்தான். ஆனால் அது சதைக்குள், நாரோடும் நீரோடும் சேர்ந்து கிடக்கிறது. மென்று தின்ன வேண்டும், வயிறு நிறையும், ரத்தத்தில் மெதுவாக ஏறும். 1977இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனையை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். ஒரே அளவு மாவுச்சத்து வருகிறபடி ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சாறை, முழுப் பழத்தைத் தின்பதைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வும் குறைவு, இன்சுலின் சுரப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் குறைக்கச் சொன்ன சர்க்கரைகளில் தேனும் பழச்சாறும் உண்டு. முழுப் பழம் இல்லை. சீனாவில் சுமார் 5 லட்சம் பேரை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும், தினமும் பழம் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு குறைவாகவே வந்திருந்தது. பழத்தைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

எங்கள் பக்கத்துப் பனைமரமே இதற்கு நல்ல பாடம். சித்திரையில் வரும் இளநுங்கு பெரும்பாலும் தண்ணீர். மாமியார் கவலையில்லாமல் சாப்பிடுவார். அதே மரத்தின் பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் சர்க்கரை. அதைக் காய்ச்சி இறக்கினால் வரும் பனைவெல்லம் ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரைதான். "பனவெல்லம் சுகரை ஏத்தாதும்மா, தாராளமா போடு" என்று அன்போடு சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் தாது உப்புகள் அதில் கூடுதலாக இருக்கலாம். அதற்காகக் காபியில் இரண்டு ஸ்பூன் போட நான் சம்மதிப்பதில்லை.

இனி சீத்தாப்பழம். பழங்களில் சர்க்கரை அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று: 100 கிராம் சதையில் 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஒரு நடுத்தரப் பழத்தில் தோலும் கொட்டையும் போகக் கிட்டத்தட்ட அவ்வளவு சதைதான் தேறும். அதாவது ஒரு பழம், இரண்டு சிறிய இட்லிக்குச் சமம். எங்கள் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதன் தலையில் பழத்தை வைப்பதில்லை. காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிற மாமியார், பழம் வேண்டும் என்கிற நாளில் இரண்டோடு நிறுத்திக்கொண்டு, கொஞ்சம் சுண்டலும் ஒரு பழமும் சாப்பிடுவார். முதலில் சுண்டல், பிறகு பழம். பருப்பும் நாரும் முன்னால் போனால் சர்க்கரை ஏறுவது நிதானப்படுகிறது. இந்தப் பழத்துக்கு இன்னொரு நல்ல குணம், அவசரமாகச் சாப்பிட முடியாது. ஒவ்வொரு சுளையிலும் கொட்டையைப் பிரித்துத் துப்ப வேண்டும். (கொட்டையைக் கடித்துவிடக் கூடாது, அது நஞ்சு.) மில்க்‌ஷேக் ஆக்கினால் இந்தக் குணம் போய்விடும். மூன்று பழமும் ஐஸ்கிரீமும் ஒரே டம்ளரில் இறங்கிவிடும். குழந்தைகள் கேட்டால்கூட நான் கரண்டியைத்தான் கொடுப்பேன்.

மற்ற நாட்களுக்குக் கொய்யாதான் எங்கள் பழம். நார் நிறைய, விலையும் குறைவு. அதிகம் பழுக்காத காயாகப் பார்த்து வாங்குவேன். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணியில் தண்ணீர்தான் அதிகம் என்பதால் ஒரு சிறு கிண்ணம் பாதகமில்லை. பண்ருட்டிப் பலா என்றால் இரண்டு மூன்று சுளை, அன்றைக்குச் சோறு குறைவு. கரும்புள்ளி விழுந்து கனிந்த வாழையில் மாவு சர்க்கரையாக மாறியிருக்கும். சரியாகப் பழுத்த அன்றே சாப்பிடுவது நல்லது. நாள் ஒன்றுக்கு 100 கிராம் பழம் என்று ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் சொல்கிறது. அதைத்தான் நாங்களும் அளவாக வைத்திருக்கிறோம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வெயிலில் நாக்கு வறண்டு, முதலில் கண்ணில் படுகிற கரும்புச்சாறை இரண்டு டம்ளர் குடிக்கத் தோன்றும். ஒரு பெரிய டம்ளரில் 30 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். கையில் கொண்டுபோன தண்ணீரை முதலில் வயிறாரக் குடியுங்கள். தாகம் அடங்கிய பிறகு ஒரு கொய்யாவோ நான்கு நுங்கோ போதும்.

உடம்புக்கு உடம்பு கணக்கு மாறும். புதிதாக ஒரு பழம் சீசனுக்கு வந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் குறித்துவைப்போம். சாப்பிட்டபின் கோட்டைச் சாலையில் கொஞ்சம் நடந்த நாட்களில் எண் குறைவாக வருவதை மாமியாரே கண்டுபிடித்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பழ விஷயத்தில் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். பழங்களில் உள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்தாகலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், அந்த நேரத்தில் முழுப் பழத்தை உரித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்போது வேகம்தான் தேவை. அரை டம்ளர் பழச்சாறோ மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோ உடனே கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.