திரையில் ஓடிய எண்

2009ஆம் ஆண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதியவகை இன்ஃபுளுயன்சா நச்சுயிரி கண்டறியப்பட்டது. ‘பன்றிக்காய்ச்சல்’ என மக்கள் வழங்கிய அந்நோயை, ஜூன் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் பெருந்தொற்றாக அறிவித்தது.

இந்தியாவில் முதல் இறப்பு ஆகஸ்டு 3 அன்று புனே நகரில் நிகழ்ந்தது. இறந்தவர் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. அதன்பின் செய்தித் தொலைக்காட்சிகளின் திரையடியில் இறப்பு எண்ணிக்கை இரவும் பகலும் ஓடியது. முகக்கவசம் அணிந்த முகங்களும் மருத்துவமனை வாயில்களும் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. புனேயில் பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. பரிசோதனைக்கு மக்கள் திரண்டனர். வெறும் சளியும் இருமலும் உடையோரும் நெடுநேரம் வரிசையில் நின்றனர். நோய் தொற்றுவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

திரையில் ஓடும் எண் கூடுமேயன்றிக் குறைவதில்லை. எத்தனை பேருள் இத்தனை பேர் இறந்தனர் என்பதையும் அது உணர்த்துவதில்லை. நோயுற்றோருள் பெரும்பாலோர் சில நாள்களில் நலம்பெற்றனர். நலம்பெற்றவரின் வீட்டு வாசலை ஒளிப்பதிவுக் கருவி நாடுவது அரிது.

சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங் அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு கணக்கைக் காட்டினார். 13 நாள்களில் புதிய காய்ச்சலால் இறந்தோர் 31 பேர். அதே நாள்களில் காசநோயால் இறந்தோர் ஏறத்தாழ 63,000 பேர். இணையத்தில் திரட்டிய செய்திகளை இறப்புகளால் வகுத்தபோது, காய்ச்சலுக்கு ஓர் இறப்புக்கு 8,000க்கும் மேற்பட்ட செய்திகள் கிடைத்தன. காசநோய்க்கோ, பத்து இறப்புக்கு ஒரு செய்தி. நெடுங்காலமாக உள்ள நோய் ‘முக்கியச் செய்தி’ ஆவதில்லை போலும்!

இதைக்கொண்டு, அக்காய்ச்சல் அற்பமானது எனத் தள்ளிவிடலாகாது. ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட இறப்புகள் உலகெங்கும் 18,000க்குச் சற்று மேல். திரைகள் அறிவித்தவை இத்தகைய எண்களே. ஆனால், 2012இல் வெளிவந்த ஆய்வு, முதலாண்டு இறப்புகளை ஏறத்தாழ 1,52,000 முதல் 5,75,000 வரை என மதிப்பிட்டது. நாட்டையே நடுங்கச்செய்த எண், மெய்யான எண்ணைவிட மிகச் சிறியது. மதிப்பிடப்பட்ட இறப்புகளுள் பாதியளவு ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியப் பகுதியிலும் நேர்ந்தவை. ஆய்வகம் எட்டாத ஊர்களில் மாண்டவர்கள் அந்த எண்ணில் சேரவேயில்லை.